காணாமற்போன காகித நாடா



சென்ற பள்ளி விடுமுறையில், மின்னியல் பயிற்றுப்பொருள் தயாரித்தல் குறித்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கான ஒருநாள் பட்டறை ஒன்றில் கலந்துகொண்டேன். மண்டப வாசலில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பதாகை ஆளுயரத்திற்கு நின்றுகொண்டிருந்தது. காலைப் பசியாறலுக்கு நாசி லெமாக்கும் மைலோவும், நண்பகலில் கோழிப் பிரியாணியும் அந்நிறுவனத்தின் செலவு. ஆளுக்கொரு துணிப்பை, ஒரு பேனா, ஒரு குறிப்பேடு. அந்நிறுவனத்தைச் சேர்ந்த இளைஞர்கள் இருவர் பின்வரிசையில் அமர்ந்து, நாங்கள் பேசுவதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுக் குறிப்பெடுத்துக் கொண்டிருந்தனர். என் அருகில் அமர்ந்திருந்த மூத்த ஆசிரியை ஒருவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஏன் தம்பி, நமக்குச் சோறு போட்டு இவங்களுக்கு என்ன கிடைக்கப் போவுது?"

அப்பொழுது எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. "விளம்பரந்தான், டீச்சர்" என்று சொல்லி வைத்தேன். ஆனால் அக்கேள்வி வீடு வரையில் என்னைத் தொடர்ந்து வந்தது. கணினி நிறுவனங்கள் ஆர்வலர்களின் கூட்டங்களைத் தேடிச் செல்லும் வழக்கம் எப்பொழுது, எவ்வாறு தொடங்கியது? அதில் யார் யாருக்குக் கொடுத்தார்கள், யார் யாரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்? நான் முன்னரே படித்திருந்த ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முற்பட்டது அது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஆல்புகர்க்கி என்றொரு நகரம். அங்கு எட் ராபர்ட்ஸ் என்பவர் 'மிட்ஸ்' என்னும் சிறிய நிறுவனத்தை நடத்தி வந்தார். விளையாட்டு ஏவூர்திகளுக்கான மின்கருவிகளில் தொடங்கிக் கணிப்பான்களுக்கு மாறிய நிறுவனம் அது. பெரிய நிறுவனங்கள் கணிப்பான் சந்தையில் இறங்கி விலையைத் தரைமட்டமாக்கியபொழுது, மிட்ஸ் கடனில் மூழ்கியது. கடைசி முயற்சியாக ராபர்ட்ஸ், தனிமனிதர் வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடிய கணினி ஒன்றை உதிரிப் பாகங்களாக விற்கத் துணிந்தார். அதுவே 'ஆல்டேர் 8800'. 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' என்னும் இதழ் 1975 சனவரி மாத அட்டையில் அதனை வெளியிட்டது. வேடிக்கை என்னவென்றால், இதழுக்கு அனுப்பிய மாதிரிக் கணினி வழியிலேயே தொலைந்து போயிற்று! அட்டைப்படத்தில் நாம் காண்பது விசைகளும் விளக்குகளும் பொருத்திய வெற்றுப் பெட்டிதான்.

விலை 397 டாலர். பெட்டியைப் பிரித்தால் உள்ளே கணினி இராது, பாகங்கள்தாம் இருக்கும். பற்றவைக்கும் கோலுடன் வாங்கியவரே பல இரவுகள் உட்கார்ந்து பொருத்த வேண்டும். விசைப்பலகை இல்லை, திரை இல்லை. முன்புறத்தில் வரிசையாக உள்ள விசைகளை மேலும் கீழும் தட்டி ஒவ்வொரு கட்டளையாக உள்ளே செலுத்த வேண்டும். விடை சிவப்பு விளக்குகளாக மினுக்கும். நினைவகம் 256 பைட்டுகள். இன்று நாம் பயன்படுத்தும் ஒருங்குறியில் எழுதினால், அந்நினைவகத்தில் இரண்டு குறள்களை நெருக்கி உட்கார வைக்கலாம். மூன்றாவது குறளுக்கு இடமிராது. ஆயினும் ஆயிரக்கணக்கானோர் முன்பணம் அனுப்பினர். மிட்ஸ் நிறுவனத்தால் தேவைக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. பணம் அனுப்பிய ஸ்டீவ் டாம்பியர் என்னும் ஆர்வலர், இப்படியொரு நிறுவனம் உண்மையில் இருக்கிறதா என்று பார்த்துவர விமானமேறி ஆல்புகர்க்கிக்கே போய்விட்டார் என்றால் பாருங்களேன்.

இந்தக் காத்திருப்போர் கூட்டத்திலிருந்துதான் ஒரு சங்கம் பிறந்தது. 1975 மார்ச் 5-ஆம் நாள் இரவு, கலிபோர்னியாவின் மென்லோ பார்க் ஊரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவரின் வாகனக் கொட்டகையில் முப்பத்திரண்டு பேர் கூடினர். கூட்டத்திற்கு ஏற்பாடு செய்தவர்கள் ஃபிரெட் மூரும் கார்டன் ஃபிரெஞ்சும். 'ஹோம்புரூ கணினிக் கழகம்' என்று பின்னாளில் புகழ்பெற்ற அமைப்பு இதுவே. ஃபிரெட் மூர் போருக்கு எதிரான அறப்போராளி. கணினியிலும் அவர் தேடியது மனிதர்கள் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் வழியைத்தான். அன்றிரவு கூடியவர்களுள் கூச்ச சுபாவமுள்ள இளைஞர் ஒருவரும் இருந்தார். அவர் பெயர் ஸ்டீவ் வாஸ்னியாக்.

கூட்டத்தில் ஆள் பெருகப் பெருக, இடம் மாறிக்கொண்டே போயிற்று. ஏப்ரல் மாதக் கூட்டம் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. (இச்செய்தியைப் படித்தபொழுது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை ஆசிரியர்களாகிய நீங்கள் புரிந்துகொள்வீர்கள்!) மேற்சொன்ன டாம்பியர் தம் ஆல்டேரைத் தூக்கி வந்து, அருகில் ஒரு வானொலிப் பெட்டியை வைத்தார். விசைகளை நெடுநேரம் தட்டினார். கணினி ஓடும்பொழுது எழும் மின்னலைகள் வானொலியில் இரைச்சலாகக் கேட்கும் என்பதை அவர் தற்செயலாகக் கண்டறிந்திருந்தார். அந்த இரைச்சலை ஒழுங்குபடுத்தி, பீட்டில்ஸ் குழுவினரின் பாடலொன்றை இசைத்துக் காட்டினார். கூடியிருந்தோர் எழுந்து நின்று கைதட்டினர். திரையும் விசைப்பலகையும் இல்லாத ஒரு பெட்டி பாடிற்றே என்ற வியப்பு!

சரி, நிறுவனம் எங்கே வருகிறது?

ஆல்டேரின் செய்தியை இதழில் கண்ட பால் ஆலன், பில் கேட்ஸ் என்னும் இரு நண்பர்கள், அதற்கு 'பேசிக்' என்னும் நிரல்மொழியை எழுதித் தருவதாக ராபர்ட்ஸிடம் கூறினர். ஆர்வார்டு பல்கலைக்கழகத்தின் பெரிய கணினியில் அமர்ந்து, தாங்கள் கண்ணாலும் காணாத ஆல்டேருக்கு நிரல் எழுதினர். கணக்கீட்டுப் பகுதி ஒன்றை மான்டே டேவிடாஃப் என்னும் மாணவர் எழுதினார். ஆல்புகர்க்கியில் பால் ஆலன் அதனை முதன்முறை ஏற்றிப் பார்த்தபொழுது அது வேலை செய்தது. 1975 ஏப்ரலில் அவ்விருவரும் தொடங்கிய நிறுவனமே மைக்ரோசாஃப்ட்.

விசைகளைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்திருந்த ஆர்வலர்களுக்குப் பேசிக் மொழி எத்துணைப் பெரிய வரம் என்பதை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலச் சொற்களைப் போன்ற எளிய கட்டளைகளை எழுதலாம். விடையைச் சொற்களாகவே பெறலாம். ஆனால் அதனைத் தனியாக வாங்கினால் விலை 500 டாலர், கணினியைவிடவும் அதிகம்! மிட்ஸ் நிறுவனத்தின் நினைவக அட்டைகளுடன் சேர்த்து வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். சிக்கல் என்னவெனில், அந்த நினைவக அட்டைகள் சரிவர இயங்குவதில்லை என்று பலரும் குறைகூறி வந்தனர். போதாக்குறைக்கு, பணங்கட்டிய பலருக்குப் பேசிக் வந்து சேரவுமில்லை.

இச்சூழலில் மிட்ஸ் நிறுவனம் ஒரு புதுமை செய்தது. ஆர்வலர்கள் கடைக்கு வரக் காத்திராமல், ஒரு வேனில் கணினியை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் புறப்பட்டது. நம் ஊர்த் தோட்டங்களுக்கு அந்நாளில் வேனில் திரைப்படக் கருவியை ஏற்றி வந்து படம் காட்டுவார்கள் என்று என் தந்தையார் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய அதே முறை. 1975 சூன் மாதத்தில் அவ்வேன் கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ நகருக்கு வந்தது. அங்குள்ள ரிக்கிஸ் ஹயாட் ஹவுஸ் என்னும் தங்கும் விடுதியில் கணினியை இறக்கிக் காட்சிக்கு வைத்தனர். ஹோம்புரூ கழகத்தினர் திரண்டு சென்றனர். தட்டச்சு முனையத்துடன் இணைக்கப்பட்ட ஆல்டேரில் பேசிக் ஓடிக்கொண்டிருப்பதை அவர்கள் தங்கள் கண்களால் கண்டனர். பணங்கட்டிவிட்டுத் தாங்கள் காத்துக்கிடக்கும் அதே பேசிக்!

அக்காலத்தில் நிரல்களைத் துளையிட்ட காகித நாடாவில் பதித்து வைப்பார்கள். அன்று அவ்விடுதியில் இருந்த நாடாக்களுள் ஒன்றை யாரோ ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்நாடா டான் சோக்கல் என்பவரின் கைக்கு வந்தது. அவருடைய பணியிடத்தில் நாடாவை விரைவாகப் படியெடுக்கும் இயந்திரம் இருந்தது. அடுத்த கழகக் கூட்டத்திற்கு அவர் ஒரு பெட்டி நிறைய நாடாக்களுடன் வந்தார். வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், ஒன்றே ஒன்றுதான் நிபந்தனை. ஒன்றை எடுத்துச் செல்பவர் அடுத்த முறை வரும்பொழுது இரண்டாகத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். சில நிமிடங்களில் பெட்டி காலியாயிற்று.

1976 பிப்ரவரி 3-ஆம் நாளிட்டு, பில் கேட்ஸ் ஆர்வலர்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதினார். அப்பொழுது அவருக்கு வயது இருபது. ஆல்டேர் வைத்திருப்போருள் பத்து விழுக்காட்டினருக்கும் குறைவானவர்களே பேசிக்கை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்கள் என்றும், தாங்கள் பயன்படுத்திய கணினி நேரத்தின் மதிப்பே 40,000 டாலருக்கு மேல் என்றும், கிடைத்த வருவாயைக் கணக்கிட்டால் தங்கள் உழைப்புக்கு மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்றும் அம்மடலில் குறைப்பட்டுக்கொண்டார். வன்பொருளுக்குப் பணம் கொடுக்கிறீர்கள், மென்பொருளைப் பங்குபோட்டுக்கொள்கிறீர்கள். எழுதியவனுக்கு என்ன கிடைக்கிறது என்பதே அவருடைய கேள்வி. அதனைத் திருட்டு என்றே அவர் பெயரிட்டார்.

ஆர்வலர்கள் கொதித்தெழுந்தனர். காசு வாங்கிக்கொண்டு பொருளைத் தராமல் இழுத்தடித்தது யார் என்று கேட்டனர். ஆர்வார்டு கணினியோ அரசாங்கப் பணத்தில் ஓடியது, அந்நேரத்திற்கு இவர் எப்படி விலை சொல்லலாம் என்று சிலர் மடக்கினர். இவ்வரலாற்றை எழுதிய பலர், படிகள் பரவியதனால்தான் மைக்ரோசாஃப்டின் பேசிக் எங்கும் வழக்காயிற்று, பின்வந்த கணினி நிறுவனங்களும் அதனையே கேட்டு வாங்கின என்றும் வாதிடுகின்றனர். இருக்கலாம். ஆனால் மாணவன் தன் நண்பனுடைய பதிலைப் பார்த்தெழுதிவிட்டு, "அதனால் அவனுக்கும் புகழ்தானே, ஐயா?" என்று கேட்டால் நாம் ஏற்றுக்கொள்வோமா?

எனக்கு இதைவிடச் சுவையாகப்பட்டது மற்றொரு மறுமொழி. அது சண்டை போடாத மறுமொழி. கலிபோர்னியாவில் பாப் ஆல்பிரெக்ட் என்பவர் சிறுவர்களுக்குக் கணினி கற்பிப்பதையே தம் வாழ்நாட்பணியாகக் கொண்டிருந்தார். அவர் நடத்திய 'மக்கள் கணினி நிறுவனம்' என்னும் செய்தித்தாளில், 1975-ஆம் ஆண்டிலேயே, டென்னிஸ் அலிசன் என்னும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆசிரியர் ஒரு சின்னஞ்சிறு பேசிக் மொழிக்கான வரைவை வெளியிட்டார். ஏழு வயதுக் குழந்தைக்குத் தசம எண்கள் எதற்கு? முழு எண்கள் போதும்; சிறிய நினைவகத்தில் அடங்கினால் போதும்; நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்பது அதன் போக்கு. வாசகர்களும் எழுதி அனுப்பினர். அவற்றை வெளியிடுவதற்கென்றே 1976 சனவரியில் 'டாக்டர் டாப்ஸ்' என்னும் இதழ் தோன்றியது. அதன் ஆசிரியர் ஜிம் வாரன். டாம் பிட்மன் என்பவர் தாம் எழுதிய சிறு பேசிக்கை 5 டாலருக்கு விற்றார். படியெடுக்கும் செலவும் அலைச்சலும் அந்த ஐந்து டாலரைவிட அதிகமாக இருந்தால் யார்தான் படியெடுப்பார்கள்? மக்கள் வாங்கினர்.

ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியனுக்கு இதில் பெருமைப்பட இடமிருக்கிறது. இச்சச்சரவுக்கு நடுவே ஏழு வயதுக் குழந்தையை நினைத்துப் பார்த்தவர்கள் கற்பித்தலில் ஈடுபட்டிருந்தவர்கள்தாம்.

மிட்ஸ் நிறுவனமோ அடுத்த கட்டத்திற்குச் சென்றது. ஆர்வலர்களின் கூட்டத்திற்குச் செல்வதை விட்டு, ஆர்வலர்களைத் தன் கூட்டத்திற்கு அழைத்தது. 1976 மார்ச் மாத இறுதியில் ஆல்புகர்க்கியில் 'உலக ஆல்டேர் கணினி மாநாடு' நடைபெற்றது. ஏற்பாட்டாளர் அந்நிறுவன ஊழியர் டேவிட் பன்னல். கேட்ஸும் மேடையேறினார். ஆனால் ஆல்டேருக்கு மாற்று நினைவக அட்டைகள் செய்து விற்ற 'பிராசசர் டெக்னாலஜி' என்னும் ஹோம்புரூ நண்பர்களின் நிறுவனத்திற்கு அரங்கில் இடம் தரப்படவில்லை. அவர்கள் சளைக்கவில்லை. அதே விடுதியின் மேல்தளத்தில் அறையெடுத்து, கையால் எழுதிய அறிவிப்புகளை ஒட்டி, வந்தவர்களையெல்லாம் மேலே வரவழைத்தனர். திருவிழாவை நடத்தியவர் ஒருவர். கூட்டத்தை இழுத்தவர் மற்றொருவர்!

அந்த ஆண்டிலேயே வாஸ்னியாக் தாம் வடிவமைத்த ஒரு மின்சுற்றுப் பலகையை ஹோம்புரூ கூட்டத்திற்குக் கொண்டுவந்தார். அதன் வரைபடத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் படியெடுத்துக் கொடுத்தார். நண்பர்களின் வீட்டிற்கே சென்று பொருத்த உதவினார். அதைப் பலகையாகச் செய்து விற்கலாமே என்றவர் அவருடைய நண்பர் ஸ்டீவ் ஜாப்ஸ். ஆப்பிள் அவ்வாறு தோன்றியது. 1977 ஏப்ரல் 16, 17 ஆகிய நாள்களில், ஜிம் வாரன் சான் பிரான்சிஸ்கோவில் மேற்குக் கரைக் கணினிக் கண்காட்சியை நடத்தினார். ஏறத்தாழப் பதின்மூவாயிரம் பேர் வந்தனர். நுழைவாயிலுக்கு எதிரிலேயே இடம்பிடித்து, ஆப்பிள் நிறுவனம் தன் இரண்டாவது கணினியை அங்கு வெளியிட்டது. ஈராண்டுகளுக்கு முன் கொட்டகையில் கூச்சத்துடன் அமர்ந்திருந்தவரின் கைவண்ணம் அது.

அதே 1977-இல் மிட்ஸ் நிறுவனம் பெர்டெக் என்னும் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. எட் ராபர்ட்ஸ் கணினித் துறையை விட்டே விலகி, மருத்துவம் படித்து, ஜார்ஜியா மாநிலத்தின் சிற்றூர் ஒன்றில் மருத்துவரானார். 2010 ஏப்ரலில் அவர் காலமானார். நோயுற்றிருந்த அவரைப் பில் கேட்ஸ் சென்று பார்த்திருந்தார். ஹோம்புரூ கழகம் 1986 வரையில் கூடியது.

தமிழ்க்கணினிக்கும் இத்தகைய கூட்டங்கள் உண்டு. 1997-இல் சிங்கப்பூரில் நடந்த முதல் தமிழிணைய மாநாட்டின் பின்னணியில் இருந்த நா. கோவிந்தசாமி அவர்கள் ஆசிரியப் பயிற்சி அளித்த விரிவுரையாளர், எழுத்தாளர். 1999-இல் சென்னை, 2000-இல் மீண்டும் சிங்கப்பூர், 2001-இல் கோலாலம்பூர் என மாநாடுகள் தொடர்ந்தன. எழுத்துருவும் விசைப்பலகையும் ஆளுக்கொரு விதமாக இருந்த அந்நாளில், செயலி செய்தவர்களும் பயன்படுத்தியவர்களும் ஒரே அரங்கில் அமர்ந்து வாதாடினர்.

அக்காலத்தில்தான் நானும் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டு வந்தேன். பள்ளிக்கு ஒரு தமிழ்ச்செயலியின் குறுவட்டு வாங்கப்பட்டிருந்தது. ஒரு கணினிக்கான உரிமம். கணினிக்கூடத்தில் இருபது கணினிகள். ஒரு சனிக்கிழமை முழுதும் அமர்ந்து இருபதிலும் அதனை ஏற்றினேன். தலைமையாசிரியர் என்னை வெகுவாகப் பாராட்டினார். சில ஆண்டுகள் கழித்து ஒரு நிகழ்ச்சியில் அச்செயலியை உருவாக்கியவரைச் சந்திக்க நேர்ந்தது. மேசையொன்றின் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தார். "ஐயா, எங்கள் பள்ளியில் இருபது கணினியிலும் உங்கள் செயலிதான்!" என்று பெருமையுடன் சொன்னேன். அவர் புன்னகைத்தார். "பள்ளி பெயர் என்ன, ஐயா?" என்று கேட்டார். சொன்னேன். சற்று யோசித்தார். எத்தனை பிரதிகள் விற்றன, எவ்வெப் பள்ளிகள் வாங்கின என்பது அவர் நினைவில் இருந்திருக்க வேண்டும். "மாணவர்களுக்குப் பயன்பட்டால் சரி" என்று மட்டும் சொன்னார். அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. ஒரு துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு விரைவாக நகர்ந்துவிட்டேன்.

இவ்வாண்டு வேறொன்று நடந்தது. நான்காம் ஆண்டு மாணவர்களுக்காக வலிமிகும் இடங்கள் பற்றி நான் தயாரித்த பயிற்சித்தாள், புலனக் குழுக்களில் சுற்றிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது. அடிக்குறிப்பில் இருந்த என் பெயர் நீக்கப்பட்டு, நான் அறியாத வேறொருவரின் பெயர் இருந்தது. இரண்டு வாரம் இரவில் கண்விழித்துச் செய்தது அது. நான் அதற்குக் காசு எதிர்பார்க்கவில்லை. ஆயினும் அன்றிரவு அந்த இருபது வயது இளைஞரின் மடலை மீண்டும் எடுத்துப் படித்தேன். முன்பு அகந்தையாகத் தோன்றிய வரிகள் அன்று அவ்வாறு தோன்றவில்லை. ஆனால் நாடாப்பெட்டியைத் தூக்கிவந்த சோக்கல் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. இருபது கணினிகளில் ஏற்றியவன் எந்த முகத்தோடு கோபப்படுவது?

பட்டறையின் பின்வரிசை இளைஞர்களிடம், நீங்கள் குறித்துக்கொண்டது என்ன என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவர்கள் தந்த துணிப்பையில்தான் இப்பொழுது பயிற்சி நூல்களைத் திருத்த வீட்டிற்குக் கொண்டு வருகிறேன்.

சென்ற வாரம் அம்மூத்த ஆசிரியை வேறொரு காரியமாக அழைத்தபொழுது, வேன் கதையையும் நாடாக் கதையையும் முழுதும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அந்த நாடாவ மொதல்ல எடுத்தது யாருன்னு தெரிஞ்சுதா, தம்பி?"

"தெரியவில்லை, டீச்சர். இன்றுவரை யாரென்று தெரியாது."

"சரி விடுங்க. அந்த வலிமிகும் இடம் பயிற்சித்தாள எனக்கும் அனுப்புங்க. ஒங்க பேரு போட்டதா அனுப்புங்க" என்றார். அனுப்பிவிட்டேன்.